ஆடு படலை திறந்தா அதுக்குப் புத்தி எண்டு சொல்லலாமோ? வளவு மிருகங்களைப் பாத்துப் படிக்க ஒரு வழிகாட்டி

"எங்கட நாய்க்கு எல்லாம் விளங்கும், வாய் மட்டும்தான் இல்லை." இதைச் சொல்லாத வீடு வன்னியில இருக்காது. இன்னொரு பக்கம் கொஞ்சம் படிச்ச ஆக்களிட்டக் கேட்டா "உதெல்லாம் பிறப்பில வாற பழக்கம், மிருகத்துக்கு எங்க யோசினை" எண்டு ஒரே வசனத்தில கதையை முடிச்சுப்போடுவினம். ரெண்டு பேருமே பாக்காமத் தீர்ப்புச் சொல்லுகினம், அதுதான் எனக்கு மனவருத்தம். மிருகங்களின்ர நடத்தையையும் புத்தியையும் ஆராயிறதுக்கு 100 வருசத்துக்கு மேலா நல்ல முறையள் வந்திருக்கு, அதில கனக்கத்துக்கு ஆய்வுகூடமே தேவையில்லை, ஒரு கொப்பி, ஒரு பேனை, நேரம் பாக்க ஒரு போன், பேந்து வளவுக்குள்ள நிக்கிற கோழி ஆடு நாய் காகம் போதும். எங்களிட்ட அதுக்கு மேலயும் கிடக்கு, குளக்கட்டில மயில், கூரையில குரங்கு, வயல்கரையில ஆனை. வெளிநாட்டில இருக்கிற பிள்ளை ரிக்கெற் எடுத்துப் போய்ப் பாக்கிறதை நாங்கள் காலம பல்லு விளக்கேக்கயே பாக்கிறம்.

முதல் எழுதப் பழகுங்கோ

முதல் கிழமை ஒரு முடிவுக்கும் போகாதேங்கோ. கண்டதை எழுதுங்கோ, நினைச்சதை எழுதாதேங்கோ. கேக்க லேசா இருக்கும், ஆனா இதுதான் எல்லாத்திலயும் கஷ்டமான பகுதி.

ஒரு உதாரணம் பாருங்கோ. "பெரிய சேவலுக்குப் பொறாமை வந்து சின்னச் சேவலை அடிச்சுக் கலைச்சது" எண்டு எழுதினா அதில பாத்தது எது, நீங்கள் கற்பிச்சது எது எண்டு பிறகு பிரிக்கேலாது. இப்பிடி எழுதுங்கோ: "காலம 6.40. பெரிய சேவல் கழுத்து மயிரைச் சிலுப்பி, ஒரு செட்டையைத் தாழ்த்தி நிலத்தில உரசி, பக்கவாட்டா ரெண்டு அடி வைச்சுது. சின்னது தலையைக் கீழ போட்டுது. பெரிசு ஒருக்காக் கொத்திச்சு. சின்னது வேலிப்பக்கம் ஓடிச்சு, பெரிசு கலைச்சுப் போகேல்லை. பேடுகள் மாமரத்தடியில கிளறிக்கொண்டு நிண்டதுகள், ஒண்டும் திரும்பிப் பாக்கேல்லை." இப்ப பொறாமை எண்ட சொல்லைக் காணேல்லை, ஆனா விசயம் கூடிப்போச்சு. ஆர் முதல் தொடங்கினது, எது விட்டுக்குடுத்தது, பேடுகள் கிட்ட நிண்டதுகளோ எண்டதெல்லாம் கொப்பியில இருக்கு.

கோழியளில கொத்துற ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கெண்டு உலகத்துக்குச் சொன்னவர் நோர்வே நாட்டுக்காரர் ஷெல்டெருப் எபே. அவர் சின்னப் பெடியனா இருக்கேக்கயே தங்கட கோழியளில எது எதைக் கொத்துது எண்டு குறிச்சு வைச்சவர், 1920களின்ர தொடக்கத்தில அதுவே ஆராய்ச்சியா வெளிவந்தது. உங்கட வீட்டில பத்துக் கோழி நிண்டாலே நீங்களும் செய்யலாம். ஒவ்வொண்டுக்கும் ஒரு அடையாளம் வையுங்கோ, தவிடு வைக்கிற நேரம் எது கொத்தினது எது விலகினது எண்டு மட்டும் குறியுங்கோ, கொஞ்ச நாளில மேல நிக்கிறது எது கீழ நிக்கிறது எது எண்டு தானா விழும். நடுவில சிலநேரம் வட்டமாச் சுத்தும், "அ" "ஆ"வைக் கொத்தும், "ஆ" "இ"யைக் கொத்தும், "இ" திரும்ப "அ"வைக் கொத்தும். அதைக் கண்டா நம்பிக்கையா எழுதுங்கோ, அது உங்கட பிழை இல்லை.

பாக்கிறதிலயும் முறை இருக்கு. கண்ணில பட்டதை எல்லாம் எழுதினா சண்டையும் சத்தமும்தான் கொப்பி நிறைய வரும், சும்மா படுத்திருந்து அசைபோட்ட ரெண்டு மணித்தியாலம் ஒரு வரியிலயும் வராது. ஜீன் ஆல்ற்மன் எண்ட அமெரிக்க ஆய்வாளர் 1974இல இதைத்தான் விளக்கமா எழுதினவா. அவா சொன்னதில ரெண்டை எடுங்கோ. ஒண்டு, ஒரே ஒரு மிருகத்தைத் தெரிஞ்சு 10 நிமிசம் அதை மட்டும் பாக்கிறது, பக்கத்தில என்ன கூத்து நடந்தாலும் கண்ணை எடுக்கிறேல்லை. மற்றது, 5 நிமிசத்துக்கு ஒருக்கா முழுக் கூட்டத்தையும் ஒரு ஓட்டம் பாத்து எத்தினை மேயுது, எத்தினை படுத்திருக்கு, எத்தினை நிமிந்து பாத்துக்கொண்டு நிக்குது எண்டு எண்ணுறது. மாட்டுப்பட்டிக்கும் குரங்குக் கூட்டத்துக்கும் ரெண்டாவது முறை தோது, நாய்க்கும் பூனைக்கும் முதலாவது.

"ஏன்?" எண்ட கேள்வி நாலு கேள்வி

சேவல் ஏன் விடியக் கூவுது எண்டு கேட்டா வீட்டில நாலு பேர் நாலு மறுமொழி சொல்லுவினம், நாலும் சரியா இருக்கலாம். நிக்கோ டின்பேர்கன் எண்ட டச்சுக்காரர் 1963இல இதைப் பிரிச்சுக் காட்டினவர். 1973இல, மிருக நடத்தையை ஆராய்ஞ்ச லோரன்சோடையும் ஃபொன் ஃபிரிஷோடையும் சேந்து நோபல் பரிசு எடுத்த ஆள் அவர்.

முதலாவது, இப்ப இந்த நிமிசம் அதைச் செய்ய வைக்கிறது என்ன? வெளிச்சத்தைக் கண்டு கூவுது எண்டுதான் எல்லாரும் நினைப்பம், ஆனா யப்பானில சேவல்களை மங்கல் வெளிச்சத்திலயே வைச்சுப் பாத்து 2013இல வெளியிட்ட ஆய்வில, விடியிற மாற்றம் தெரியாமலே அதுகள் அந்த நேரத்துக்குக் கூவினது. உடம்புக்குள்ள ஒரு மணிக்கூடு ஓடுது. 2015இல அதே ஆக்கள் இன்னொண்டு கண்டுபிடிச்சவை, ஒண்டா நிக்கிற சேவல்களில கொத்துற ஒழுங்கில மேல நிக்கிறதுதான் முதல் கூவும், மற்றதுகள் வரிசைப்படி பிறகு கூவும். உங்கட வீட்டில ரெண்டு மூண்டு சேவல் நிண்டா இதை நீங்களே விடியப்பறம் படுக்கையில கிடந்துகொண்டு சரிபாக்கலாம்.

ரெண்டாவது, அந்தச் சேவலின்ர வாழ்க்கையில அது எப்பிடி வந்தது? கேட்டுப் பழகினதோ, பழகாமலே வந்ததோ? கோழிக்குஞ்சு காது கேக்காமல் வளந்தாலும் அதின்ர இனத்துச் சத்தத்தை ஒழுங்காப் போடும், குயில் காகக்கூட்டில காகத்தின்ர தீனில வளந்தும் கடைசியில குயிலாத்தான் கூவுது. கிளி மைனா மாதிரிப் பறவையளுக்கு இந்தக் கதை சரிவராது, அதுகள் கேட்டுத்தான் பழகும். மூண்டாவது, அதால அதுக்கு என்ன பிரியோசனம்? இது என்ர இடம், நான் இங்க நிக்கிறன் எண்டு மற்றச் சேவல்களுக்குச் சொல்லுறது. நாலாவது, பரம்பரையில எங்கயிருந்து வந்தது? வீட்டுக்கோழியின்ர முன்னோர் ஆசியாவின்ர செங்காட்டுக்கோழி. எங்கட ஒட்டுசுட்டான் மாங்குளம் காட்டுக்க நிக்கிறது அதின்ர சொந்தக்காரன், இலங்கைக் காட்டுக்கோழி, எங்கட தேசியப் பறவை, சேவலின்ர சிவந்த கொண்டைக்கு நடுவில மஞ்சள் இருக்கும். அதின்ர கூவலை ஒருக்காக் கேட்டுப்போட்டு வீட்டுச் சேவலின்ரயைக் கேளுங்கோ, எவ்வளவு வித்தியாசம், எவ்வளவு ஒற்றுமை எண்டு காது சொல்லும்.

ஆராவது மிருகத்தைப் பற்றி வாக்குவாதப்பட்டா முக்காவாசி நேரம் ஒருத்தர் முதலாம் கேள்விக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருப்பார், மற்றவர் மூண்டாம் கேள்விக்கு. எந்தக் கேள்வி எண்டு கொப்பியில மேல எழுதிப்போட்டு யோசிச்சா அரைவாசிச் சண்டை குறையும்.

படலை திறக்கிற ஆடு

இப்ப தலைப்புக்கு வருவம். கம்பி வளையம் போட்ட படலையை ஆடு மூஞ்சியால கிளப்பித் திறந்துகொண்டு போய்ப் பக்கத்து வளவு மரவள்ளியைத் திண்டுபோட்டு நிக்கும், சனம் வந்து "பாருங்கோ என்ன மூளை" எண்டு வாயைப் பிளக்கும். லொயிட் மோகன் எண்ட ஆங்கிலேயரிட்ட டோனி எண்டு ஒரு நாய் நிண்டது. அதுவும் இரும்புக் கேற்றின்ர கொளுக்கியைத் தலையால கிளப்பித் தெருவுக்குப் போகும். போறதை மட்டும் பாத்தவை கெட்டிக்கார நாய் எண்டு சொல்லிச்சினம். மோகன் தொடக்கத்தில இருந்து பாத்தவர். நாய் தெருவைப் பாக்கக் கம்பி இடைவெளி ஒவ்வொண்டுக்கையும் தலையை நீட்டும், ஒருநாள் தற்செயலாக் கொளுக்கிக்குக் கீழ நீட்டித் தலையைத் தூக்க அது கழண்டுது, கேற் திறந்துது. அதுக்குப் பிறகும் பிழையான இடங்களில நீட்டிக்கொண்டுதான் இருந்தது, நேராச் சரியான இடத்துக்குப் போகக் கிட்டத்தட்ட 3 கிழமை எடுத்தது. இதுகளை வைச்சு 1894இல அவர் ஒரு விதி எழுதினவர்: எளிய காரணத்தால விளக்கக்கூடிய ஒரு செயலுக்கு பெரிய புத்தியைக் காரணமாச் சொல்லாதேங்கோ. தோண்டைக் எண்ட அமெரிக்க ஆய்வாளர் 1898இல பூனையளைப் பெட்டிக்க விட்டு வெளிய வர எடுக்கிற நேரத்தை அளந்து பாத்தவர், நேரம் திடீரெண்டு விழேல்லை, மெல்ல மெல்லக் குறைஞ்சுது. பலன் கிடைச்ச செயல் ஊண்டும், கிடைக்காதது உதிரும்.

அதால நீங்கள் செய்யவேண்டியது இதுதான். ஆடு படலையில கைவைக்கத் தொடங்கின முதல் நாளில இருந்து எழுதுங்கோ. எங்க முட்டினது, எதால முட்டினது, எத்தினையாம் முட்டில திறந்தது, எவ்வளவு நேரம். அது நல்லாப் பழகினாப் பிறகு வளையத்தைப் படலையின்ர மற்றப் பக்கத்துக்கு மாத்துங்கோ. பழைய இடத்திலயே முட்டிக்கொண்டு நிண்டா அது இடத்தையும் அசைவையும் பழகியிருக்கு. வளையத்தைத் தேடிப் பாத்து நேரா அங்க போனா, வளையத்துக்கும் திறபடுறதுக்கும் சம்பந்தம் இருக்கெண்டு ஏதோ ஒண்டு அதுக்குள்ள போயிருக்கு. அப்பவும் அவசரப்படாதேங்கோ, வேறொரு ஆட்டோட திரும்பச் செய்யுங்கோ.

ஆனா மோகனின்ர விதியை "மிருகத்துக்குப் புத்தியில்லை" எண்டு வாசிக்கிறவை அவரைப் பிழையா வாசிக்கினம். பிறகு வந்த பதிப்பில அவரே சேத்து எழுதினவர், பெரிய புத்திக்கு வேற ஆதாரம் ஏற்கனவே இருந்தா அப்பிடி விளக்கிறதை இந்த விதி தடுக்காது எண்டு. 2002இல ஒக்ஸ்ஃபோர்டில பெற்றி எண்ட நியூ கலிடோனியக் காகம் நேர்க் கம்பியைத் தானே வளைச்சுக் கொக்கி செய்து குழாய்க்குள்ள கிடந்த தீன் வாளியைத் தூக்கினது. ஆட்டுக்கும் நல்ல கதை ஒண்டு இருக்கு. 2014இல லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில ஆடுகள் ரெண்டு படியில திறக்கிற தீன் பெட்டியைப் பழகி, 10 மாதம் கழிச்சும் மறக்காமல் திறந்ததுகள். அதே ஆய்வில இன்னொரு ஆடு திறக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டது அதுகளுக்கு ஒரு உதவியும் செய்யேல்லை, ஒவ்வொண்டும் தானாத்தான் பழகிச்சு. ஒரு ஆடு படலை திறந்தாப் பட்டியே அதைப் பாத்துப் பழகிடும் எண்டு சொல்லுறவை இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாயோட ஒரு ஒழுங்கான பரிசோதனை

1900களின்ர தொடக்கத்தில பெர்லினில ஹான்ஸ் எண்ட குதிரை கணக்குச் செய்தது. கூட்டல் கேட்டா விடைக்குக் காலால தட்டும். உடையவர் ஏமாத்துக்காரர் இல்லை, பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார், உண்மையா நம்பினவர். ஃபுங்ஸ்ற் எண்ட இளம் ஆய்வாளர் ஒரு சின்ன மாற்றம்தான் செய்தவர், கேள்வி கேக்கிற ஆளுக்கே விடை தெரியாமல் வைச்சவர். குதிரைக்கும் விடை தெரியாமல் போச்சு. கேக்கிறவர் சரியான எண் வரேக்க தன்னை அறியாமலே தலையை மயிரிழை நிமித்துவார், குதிரை அதைப் பாத்துத் தட்டுறதை நிப்பாட்டும். 1907இல இது புத்தகமா வந்தது. என்னைக் கேட்டா குதிரை கணக்குச் செய்ததை விட இது பெரிய அதிசயம், மனிசரே காணாத அசைவை அது கண்டிருக்கு.

உங்கட நாய் நீங்கள் கையால காட்டுறதை விளங்குதோ எண்டு பாக்க ஆசையா இருந்தா இப்பிடிச் செய்யுங்கோ. ரெண்டு சிரட்டை எடுங்கோ, ரெண்டுக்கு உள்ளயும் மீனோ இறைச்சியோ பூசித் தேயுங்கோ, மணத்தால கண்டுபிடிக்கக் குடாது. ஒண்டுக்குக் கீழ மட்டும் தீன் வையுங்கோ, நாய் அதைப் பாக்கக் குடாது. எந்தப் பக்கம் வைக்கிறது எண்டதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கோ, எங்கட மனம் வலது இடது எண்டு மாறி மாறிப் போடும், நாய் அதையும் பிடிச்சிடும். சிரட்டையளுக்கு நடுவில நிண்டு ஒரு கையால காட்டுங்கோ, முகத்தைத் திருப்பாதேங்கோ, கதைக்காதேங்கோ. நாயைப் பிடிச்சு விடுற ஆளுக்குத் தீன் எங்க இருக்கெண்டு தெரியக் குடாது, அவர் காட்டுற கையையும் பாக்காமல் வேற பக்கம் திரும்பி நிக்கோணும், இது கட்டாயம்.

நாளுக்கு 5 தரம் படி 4 நாள், மொத்தம் 20 தரம். நாய்க்கு ஒண்டும் விளங்காட்டியும் சும்மா ஒண்டைத் தெரிவு செய்தாலே 10 மட்டில சரிவரும். 15 இல்லாட்டி அதுக்கு மேல சரிவாறது தற்செயலா நடக்க வாய்ப்பு 100க்கு 2 மட்டில்தான். அதால 12, 13க்குத் துள்ளாதேங்கோ. கடைசியா ஒண்டும் காட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நிண்டு இன்னும் கொஞ்சத் தரம் செய்யுங்கோ. அப்பவும் சரியாப் போனா மணம் போகுது, சிரட்டையைக் கழுவித் திரும்பத் தொடங்குங்கோ.

கையால காட்டுறதைப் பின்பற்றுறதில நாய் சிம்பன்சியை விடக் கெட்டி எண்டு 2002இலயே காட்டியிருக்கினம், மனிசரோட கனகாலம் சேந்து வாழ்ந்ததால வந்த குணம் எண்டு அவை கருதிச்சினம். தெருநாயள் கூட அறிமுகமில்லாத ஆள் காட்டுற பக்கம் போறதை மேற்கு வங்காளத்தில ஆராய்ஞ்சிருக்கினம். சந்தியில நிக்கிற நாயளுக்கு எப்பிடி எண்டு பாக்க எனக்கும் ஆசைதான், ஆனா விசர்நாய்க்கடி பயம் இருக்கு, ஊசி போட்ட வீட்டு நாயோட மட்டும் செய்யுங்கோ.

வெருளியும் ஆனைவெடியும் ஏன் தோக்குது

இந்தப் பகுதிக்காகத்தான் நான் இதை எழுத வெளிக்கிட்டதே.

வயலில வெருளி கட்டினா முதல் ரெண்டு மூண்டு நாள் கிளி வராது, அதுக்குப் பிறகு வெருளியின்ர தலையிலயே இருக்கும். ஆனைவெடியும் அப்பிடித்தான். முதல் போட்டா ஆனை ஓடும், பிறகு நிண்டு பாக்கும், பிறகு காதையும் ஆட்டாமல் நெல்லைத் திண்டுகொண்டு நிக்கும். "ஆனை வெடியெண்டு கண்டுபிடிச்சிட்டுது, பொல்லாத புத்தி" எண்டு சனம் சொல்லும். ஆனைக்குப் புத்தி இருக்கு, அதில வாதம் இல்லை. ஆனா இந்த இடத்தில மோகனை நினையுங்கோ. ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வந்து ஒண்டும் நடக்காட்டி அதைக் கவனிக்காமல் விடுறது உயிருகளின்ர மிகப் பழைய பழக்கம், கடல் நத்தையே செய்யும். கண்டெல் எண்டவர் கடல் நத்தையில படிப்பினையும் ஞாபகமும் நரம்புக்குள்ள எப்பிடி நடக்குதெண்டு ஆராய்ஞ்சு 2000இல நோபல் பரிசு எடுத்தவர். இதுக்குப் பேர் வழக்கப்படுதல். விளங்கினா உடன ஒரு வேலைத்திட்டம் வரும்: ஒரே இடத்தில, ஒரே நேரத்தில, ஒரே மாதிரி வெருட்டாதேங்கோ. பயிர் விளையாத காலத்திலயும் சும்மா கட்டி விட்டு மிருகத்துக்குப் பழக்கிக் குடுக்காதேங்கோ. வெருளியை ரெண்டு நாளுக்கு ஒருக்கா இடம் மாத்துங்கோ, உடுப்பு மாத்துங்கோ, வெருளி நிக்கிற இடத்தில சிலநேரம் ஆளே நிண்டு கத்துங்கோ.

வெறும் சத்தத்துக்கும் பின்னால நோவு வாற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். கென்யாவில லூசி கிங் 2007இல தேனீச் சத்தத்தைப் போட்டுக் காட்ட ஆனைக் கூட்டம் எழும்பி ஓடினது. பேந்து தேன்பெட்டியளையே வேலியாக் கட்டினவை. தேனீச் சத்தத்துக்குப் பின்னால கொட்டு இருக்கு, அதால அந்தச் சத்தம் லேசில பழசாகாது. பவ்லோவ் எண்ட ருஷ்ய ஆய்வாளர் தீனுக்கு முதல் மணிச்சத்தம் கேக்க வைச்சுப் பழக்கின நாய், பிறகு சத்தத்துக்கே வாயூறினதும் இதே இணைப்புத்தான், உங்கட கோழியள் தவிட்டு வாளி தட்டினோடன ஓடி வாறதும் அதுதான், விரிவாச் சொல்லத் தேவையில்லை.

எலி மருந்துக்கு வேற கணக்கு. மருந்து கலந்த தீனைக் கொஞ்சம் திண்டு வருத்தம் வந்து தப்பின எலி அந்தச் சுவையைத் திரும்பத் தொடாது. ஜோன் கார்சியா 1966இல காட்டினது, எலி வயித்துக் குழப்பத்தைச் சுவையோடதான் முடிச்சுப்போடும், வெளிச்சம் சத்தத்தோட முடிச்சுப்போடாது, அதே எலி கரண்ட் அடியை வெளிச்சம் சத்தத்தோட முடிச்சுப்போடும், சுவையோட போடாது. எதையும் எதோடையும் இணைக்கலாம் எண்டு அதுக்கு முதல் நினைச்சிருந்தவை. ஒவ்வொரு உயிரும் சிலதைப் பழக ஆயத்தமாத்தான் பிறக்குது.

பேந்து குரங்கு. ஏ9 வீதியில வாகனம் நிப்பாட்டிற இடங்களில சனம் பிஸ்கற் எறியும், சிலநேரம் எறியாது. இந்தச் "சிலநேரம்" தான் கேடு. எப்பவும் கிடைக்கிற தீன் நிண்டா மிருகம் கெதியா விட்டுடும், இடைக்கிடை கிடைக்கிற தீனைக் கனகாலம் விடாது, ஸ்கின்னர் எண்ட அமெரிக்க ஆய்வாளர் புறாக்களில இதை அக்குவேறா அளந்தவர். வீட்டுக் குசினிக்குப் பழகின குரங்கை நிப்பாட்ட நினைச்சா வீட்டில எல்லாரும் ஒரே நாளில நிப்பாட்டோணும், அப்பம்மா மட்டும் ஒளிச்சு ஒரு வாழைப்பழம் குடுத்தா முதலில இருந்து தொடங்கிறதை விட மோசம். இன்னொண்டும் தெரிஞ்சிருங்கோ, தீன் நிண்ட முதல் நாட்களில குரங்கு முந்தியை விடக் கூட அட்டகாசம் செய்யும், தகரத்தைத் தட்டும், கதவை இழுக்கும். வழி சரிவரேல்லை எண்டு அந்த இடத்தில விட்டுடாதேங்கோ, அது பழக்கம் உடையிறதுக்கு முதல் வாற எழுச்சி, பொறுத்தாத் தணியும்.

கோழி அடைகாத்த தாராக்குஞ்சு

பிறப்பில வந்தது எது, பழகினது எது எண்டு ஒரே இடத்தில பாக்க ஆசையெண்டா அடைக்கோழிக்குத் தாரா முட்டை வையுங்கோ. கோழி முட்டைக்கு 21 நாள், தாராவுக்கு 28 நாள், கோழி பொறுத்துக் கிடக்கும். பொரிச்சு முதல் ஒண்டு ரெண்டு நாளுக்குள்ள குஞ்சுகள் எது கண்ணுக்கு முன்னால அசைஞ்சு சத்தம் போடுதோ அதைத் தாய் எண்டு பதிச்சுக்கொள்ளும், பிறகு கோழிக்குப் பின்னால வரிசையாப் போகும். லோரன்ஸ் வாத்துக்குஞ்சுகளுக்கு முன்னால தானே நடந்து இதைப் பேர்பெற வைச்சவர். ஆனா வாய்க்கால் கரைக்கு வந்தோடன குஞ்சுகள் ஒருத்தரும் சொல்லிக்குடுக்காமல் தண்ணிக்க இறங்கும். கோழி கரையில ஓடி ஓடிக் கொக்கரிக்கும், செட்டையை விரிக்கும், தண்ணியில காலை வைச்சு எடுக்கும். குஞ்சுகள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பி வருதோ இல்லையோ, எத்தினை நிமிசத்தில வருது, நாள் போகப் போக கோழியின்ர அந்தரம் குறையுதோ எண்டு குறியுங்கோ. தாயைத் தொடருறது பதிஞ்சு வந்தது, தண்ணி பதியாமலே வந்தது, கோழியின்ர அந்தரம் குறைஞ்சா அது மேல சொன்ன வழக்கப்படுதல்.

அதின்ர உலகத்தில கேள்வி கேளுங்கோ

மாட்டில கடிக்கிற உண்ணியைப் பற்றி உக்ஸ்குல் எண்டவர் எழுதினது என்ர மனதில நிண்ட விசயம். உண்ணிக்குக் காட்டின்ர நிறமோ குருவிச் சத்தமோ இல்லை. தோலில இருந்து வாற ஒரு புளிச்ச மணம், பிறகு சூடு, பிறகு மயிரில்லாத தோல், இந்த மூண்டும் தான் அதின்ர உலகம். ஒவ்வொரு உயிருக்கும் அப்பிடி ஒரு தனி உலகம்.

இதை மறந்தாப் பரிசோதனை பிழைக்கும். கலப் எண்ட ஆய்வாளர் 1970இல சிம்பன்சியின்ர முகத்தில நிறப்பொட்டு வைச்சுக் கண்ணாடி காட்டினவர், அது கண்ணாடியைப் பாத்துத் தன்ர முகத்தைத் தொட்டது, தன்னைத் தெரியுது எண்டு எடுத்தினம். 2006இல நியூயோர்க் மிருகக்காட்சிசாலையில மூண்டு ஆசிய ஆனையில ஒண்டு இதைச் செய்தது. நாய் செய்யாது. அதுக்காக நாய்க்குத் தன்னைத் தெரியாதெண்டு சொல்லலாமோ? நாயின்ர உலகம் மூக்கில இருக்கு. 2017இல தன்ர சலத்தின்ர மணத்தையும், அதில வேற மணம் கலந்து மாத்தினதையும் நாய்க்கு வைச்சுப் பாத்தவை, மாத்தினதைக் கூட நேரம் மணந்தது. ஆனையும் எங்கட காதுக்குக் கேக்காத ஆழமான சத்தத்தில கதைக்குது, 1980களில கேற்றி பெய்ன் அதைக் கண்டுபிடிச்சவா. ஒண்டும் கேக்கேல்லை, திடீரெண்டு கூட்டம் எல்லாம் ஒரே நேரம் திரும்பிச்சு எண்டு எழுதேக்க இதை மனதில வைச்சிருங்கோ.

குரங்குகளின்ர சத்தத்தையும் இப்பிடிக் கேளுங்கோ. பொலநறுவையில வுல்ஃப்காங் டிற்றஸ் 1968இல இருந்து செங்குரங்குகளைப் பாத்தவர். நிறையத் தீன் கண்ட குரங்கு ஒரு தனிச் சத்தம் போடும், மற்றதுகள் அந்த இடத்துக்கு ஓடிவரும் எண்டு எழுதினவர். மேல நிக்கிற குரங்கு கீழ நிக்கிறதின்ர கன்னப்பையைத் திறந்து தீனை எடுக்கிறதையும் எழுதியிருக்கிறார். ஆபிரிக்காவில வேர்வெற் குரங்கு சிறுத்தைக்கு ஒரு சத்தம், பருந்துக்கு ஒரு சத்தம், பாம்புக்கு ஒரு சத்தம் போடும். 1980இல அந்தச் சத்தங்களைப் பதிஞ்சு, ஆபத்தே இல்லாத நேரம் போட்டுக் காட்டினவை, சிறுத்தைச் சத்தத்துக்கு மரத்தில ஏறினதுகள், பருந்துக்கு மேல பாத்ததுகள், பாம்புக்கு நிமிந்து நிண்டு நிலத்தைப் பாத்ததுகள். எங்கட மந்திக்கும் இப்பிடிப் பிரிவு இருக்கோ எண்டு நீங்கள் பாக்கலாம்: சத்தம் கேட்டோடன முதல் போனில பதியுங்கோ, பிறகு குரங்கு எந்தப் பக்கம் பாத்தது, மேல ஏறினதோ கீழ இறங்கினதோ எண்டு எழுதுங்கோ, கடைசியாத்தான் காரணத்தைத் தேடுங்கோ. பதிஞ்சதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் குழப்பாதேங்கோ, குட்டியோட நிக்கிற கூட்டம் வீணா வெருளும்.

போறதுக்கு முதல்

காட்டுக்கரையில பாக்கிறவை தெரிஞ்ச பாதையை விட்டு இறங்காதேங்கோ. மிதிவெடிப் பலகை போட்ட இடத்துக்க குரங்குக்குப் பின்னாலயோ மயிலுக்குப் பின்னாலயோ ஒரு அடியும் வைக்காதேங்கோ, பலகை இல்லாட்டியும் பழக்கமில்லாத பத்தைக்க இறங்கவேண்டாம். கரடி நிக்கிற பக்கம் விடியவும் பொழுதுபடவும் தனியப் போகாதேங்கோ, குளத்து விளிம்பில குந்தியிருந்து எழுதாதேங்கோ, முதலை இருக்கும். ஆனையைப் பரணில இருந்தோ வீட்டில இருந்தோ பாத்தாப் போதும். கனக்கக் காட்டு மிருகங்களைப் பிடிக்கிறதும் பறவையளின்ர முட்டை எடுக்கிறதும் 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஆட்காட்டி தலைக்கு மேல கத்திக்கொண்டு பறந்தா முட்டை கிட்ட எண்டு அர்த்தம், வந்த வழியாலயே திரும்புங்கோ.

ஒரு வருசமாவது ஒரே மிருகத்தை வைச்சிருந்து எழுதுங்கோ. ஒக்டோபரில மழை தொடங்கிக் குளம் நிரம்பினாப் பிறகு மாடு, கொக்கு, ஆனை எல்லாத்தின்ர நேரமும் பாதையும் மாறும், ஓகஸ்ற் வறட்சியில எழுதின கொப்பியை வைச்சுக்கொண்டு மாரியில தீர்ப்புச் சொல்லேலாது. ஒவ்வொரு பக்கத்திலயும் திகதி, நேரம், மழையோ வெய்யிலோ, ஆர் பாத்தது எண்டு மேல எழுதிப்போட்டுத் தொடங்குங்கோ.